சத்தம் போடாதவர்கள்

பட்டமளிப்பு அங்கிக்கு லூசினெய்டி ஜீன்ஸ் துணிதான் எடுத்தாள். வேறு துணிக்கு எங்கே போவது? பெர்னம்புகோ மாநிலத்தில் அவள் ஊர் இருக்கும் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு தையல் மெஷின்தான். ஒருத்தி கால் தைப்பாள், ஒருத்தி ஜிப் வைப்பாள், லூசினெய்டி பின் பாக்கெட் தைப்பாள். மிஞ்சிய கருநீலத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மூன்றரை வயது மகளுக்கு ஓர் அங்கி தைத்தாள். அட்டையில் தொப்பி செய்து மஞ்சள் நூலில் குஞ்சலம் கட்டினாள். தொப்பி தலையில் நிற்கவில்லை. மானுவின் தலை சின்னது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பிறகு நின்றது.

மானுவின் முழுப் பெயர் எமனுவெலி. கொசுக் காய்ச்சல் வருஷத்தில் பிறந்தவள். வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சல் தாக்கி, சின்னத் தலையோடு பிறந்த பிள்ளைகளைப் பார்க்க அப்போது உலகமே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்கம்மா, வெளிச்சம் வேணும்" என்றார்கள். லூசினெய்டி திரும்பினாள். கொசு குறைந்தது, கேமராக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். மானுவின் அப்பாவும் சாவோ பாவ்லோவுக்கு வேலைக்குப் போனார். அந்தப் பெரிய நகரத்தில் ஃபோன் பேச ஒரு டவர்கூட இல்லை போலிருக்கிறது, பாவம். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது நகராட்சி வேனும், நகரத்து மறுவாழ்வு மையமும், அங்கே மானுவைப் பார்த்துக்கொண்ட தார்சியானாவும்தான்.

தார்சியானா பேச்சும் விழுங்குவதும் பழக்கும் தெரபிஸ்ட். மானுவுக்கு விழுங்கத் தெரியாது. வாயில் விட்ட பால் பாதி வெளியே வரும், மீதி நுரையீரலுக்குப் போகும். நிமோனியா, ஆஸ்பத்திரி, மறுபடி நிமோனியா. போன தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை இப்படி வந்தால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிட வேண்டியதுதான். டியூப் வைத்த பிள்ளைகள் வேனிலேயே உண்டு, நன்றாகத்தான் இருந்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தன் மகள் வாயால் சாப்பிட வேண்டும் என்று லூசினெய்டிக்கு ஆசை. அந்த ஆசை நியாயமா என்று அவளை யாரும் கேட்க வேண்டாம். பெற்றவள் ஆசை.

தார்சியானா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மோவாயை லேசாக மார்புப் பக்கம் சாய்க்க வேண்டும். ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். தாடையை விரலால் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு. எந்த வாரம் தண்ணி, எந்த வாரம் கூழ், எப்போது இன்னும் கெட்டி என்பதையெல்லாம் மானுவின் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து அவள்தான் முடிவு செய்வாள். அந்தச் செப்டம்பரில் மானு மசித்த பூசணிக்காயை ஒரு கிண்ணம் முழுக்க இருமாமல் விழுங்கினாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மானு இன்னும் வேண்டும் என்பதுபோல் வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

அதற்கு முன்பே, ஜூன் மாதம் புனித யோவான் திருநாளன்று, தார்சியானா இவர்கள் தெருவுக்கு வந்திருந்தாள். வாசலுக்கு வாசல் நெருப்பு எரிந்தது. சோளத்தைச் சுட்டார்கள், பாலில் சோளம் போட்டுக் கிண்டியதைத் தட்டு தட்டாகச் சாப்பிட்டார்கள். அந்த ராத்திரி நெருப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாகக் கைகோத்து நின்று, புனிதர்களைச் சாட்சி வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, நெருப்பைத் தாண்டி இடம் மாறினால் இருவரும் கொமாத்ரி. கூடப் பிறந்தவளுக்கும் மேலே. அடித்துக்கொண்டாலும் பிரிக்க முடியாது. கேட்டது லூசினெய்டி இல்லை, தார்சியானாதான்.

"நெய்டி, நாம கொமாத்ரி ஆயிடலாமா?"

"டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. நான் பாக்கெட் தைக்கிறவ."

"நெருப்புக்கு அதெல்லாம் தெரியுமா? வா, பாவாடையைத் தூக்கிச் செருகு."

தாண்டினார்கள். அன்றிலிருந்து டாக்டரம்மா போய் கொமாத்ரி ஆனாள். நீங்க போய் நீ ஆனது. தெருவில் லூசினெய்டியின் நடையே மாறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்தார்கள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிகிச்சை முடிந்ததும் தார்சியானா சொன்னாள்:

"அடுத்த வாரம் மானுவுக்குப் பட்டமளிப்பு வெச்சிடலாம்."

அந்த மையத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒரு கட்டம் முடித்தால் தொப்பி, அங்கி, கேக், கைதட்டல். லூசினெய்டி பார்த்த பட்டமளிப்பெல்லாம் நடக்கக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு நடந்தவைதான். மானு நடக்கவில்லை, உட்காரவும் இல்லை. ஆனாலும் பூசணிக்காய் விழுங்கினாளே!

"அடுத்தது என்ன கொமாத்ரி? தண்ணித் தொட்டியில விட்டுப் பயிற்சி குடுப்பாங்களே, அந்தக் கூடமா?"

"இந்தக் கட்டம் முடியுதுல்ல, அதைக் கொண்டாடுவோம்" என்றாள் தார்சியானா. மானுவின் வாயைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

லூசினெய்டி அதற்குமேல் கேட்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள். கடைக்காரனிடம் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள். சாவோ பாவ்லோவுக்கு ஒரு குரல் பதிவுகூட அனுப்பினாள். பதில் வரவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

விழா நாளன்று விடியுமுன்னே வேன் வந்தது. பக்கத்து இருக்கையில் எப்போதும்போல் சொக்கோரோ. ஊருக்கு வெளியே ஒரு சோளக்கொல்லையில் குடியிருப்பவள், மகன் ஈத்தலோவை அதே மையத்துக்குக் கூட்டி வருகிறவள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும். இருவரும் மூன்று வருஷமாக ஒரே இருக்கையில் வருகிறவர்கள். ஒருத்தி கொண்டுவந்த சோளப் புட்டை இன்னொருத்தி சாப்பிடுவாள். பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும்போது ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொள்வாள்.

"அழகா தெச்சிருக்கே" என்று சொக்கோரோ அங்கியைத் தடவிப் பார்த்தாள். "எங்க ஈத்தலோவுக்கு வரும்போது நீதான் தெச்சுத் தரணும்."

"தெக்காம? பாக்கெட்டே வெச்சுத் தெக்கிறேன்."

மையத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். மானுவைத் தொப்பியோடு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்ததும் எல்லாரும் ஃபோனை எடுத்தார்கள். லூசினெய்டி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள். சின்ன வயசு. தோளில் ஒரு கைக்குழந்தை, குறைமாதத்தில் பிறந்ததென்று பார்த்ததுமே தெரிந்தது.

"நீங்கதானே மானுவோட அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்க்கா."

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்க பாப்பா முடிச்சுட்டுப் போறதால இவனுக்கு இடம் கெடச்சுதே. அடுத்த செவ்வாயிலிருந்து வரச் சொல்லிட்டாங்க. நாலு மாசமா காத்துட்டிருந்தோம்."

அவள் குரலில் கள்ளமில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னால் லூசினெய்டி வாங்கியிருப்பாள், அப்படி ஒரு முகம். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகக் குத்தியது. கோப்பையில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகுதான் குழாயை மூடினாள்.

தார்சியானா சிகிச்சை அறையில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள்.

"கொமாத்ரி, வெளியில ஒரு பொண்ணு என்னமோ சொல்றா. மானுவோட செவ்வாக்கிழமை அவ பிள்ளைக்காம்."

தார்சியானா கதவைச் சாத்தினாள். சாத்தியபோதே பதில் வந்துவிட்டது.

"நானே உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? கேக் வெட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நெய்டி, மேல இருந்து சொல்லிட்டாங்க. மூணு வயசு தாண்டின பிள்ளைங்கள்ல ஒண்ணை எடுத்துட்டு கைக்குழந்தைக்கு இடம் குடுக்கணும்னு. முதல் வருஷத்துல புடிச்சாதான் பலன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் பிரசவ ரத்தம் நிக்கிறதுக்குள்ள இவளைத் தூக்கிட்டு வந்தேன். இப்பதானே விழுங்க ஆரம்பிச்சா? இப்ப விட்டா மறுபடி நெஞ்சுக்குள்ள போகும். அப்புறம் டியூப்தான்னு உனக்குத் தெரியாதா?"

"உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். வீட்டுலயே செய்யலாம்."

"தொண்டையில விரல் வெச்சுப் பாத்து, இன்னிக்கு இது போதும்னு நீதானே சொல்லுவே. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் விடியாத நேரத்துல வேன் ஏறணும்?" லூசினெய்டியின் குரல் இன்னும் உயரவில்லை. "மூணு வயசு தாண்டின பிள்ளைங்க இத்தனை பேர் இருக்காங்க. ஏன் மானு?"

தார்சியானா இழுப்பறையைத் திறந்து மறுபடி மெழுகுவர்த்தி தேடத் தொடங்கினாள்.

"சொல்லு. ஏன் மானு?"

"ஒருத்தி ரேடியோவுக்குப் போவா. ஒருத்தியோட அண்ணன் கவுன்சிலர். இன்னொருத்தி போன வருஷம் பொறுப்பாளரம்மா மேசையைப் புரட்டிப் போட்டவ. யாரைத் தொட்டாலும் கலவரம்." அவள் கண் கலங்கியது. "நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். நீ என் கொமாத்ரி. நீ சண்டை போட மாட்டே."

இதைவிட அவள் மானுவின் மேல் வெறுப்பு என்று சொல்லியிருக்கலாம். தாங்கியிருக்கலாம். அன்று நெருப்பைத் தாண்டச் சொல்லிக் கையைப் பிடித்தவள், அந்தக் கையைப் பிடித்திருப்பதாலேயே இவளைத் தள்ளுவது சுலபம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். லூசினெய்டிக்கு அவமானம்தான் முதலில் வந்தது, கோபம் அதற்குப் பின்னால் வந்தது. தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாளே, பாதிரியாரிடம்கூடச் சொன்னாளே!

"அப்படியா டாக்டரம்மா" என்றாள்.

கதவைத் திறந்து வெளியே போய்க் கேக் வெட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வது? மானுவின் உதட்டில் ஒரு துளி க்ரீம் தடவினாள், ஃபோட்டோவுக்குச் சிரித்தாள். சொக்கோரோ மட்டும் திரும்பும் வழியில், "என்ன, மூஞ்சி சரியில்லையே?" என்று கேட்டாள். தலைவலி என்றாள் லூசினெய்டி.

மறுநாள் வேன் கிடையாது. மானுவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். டோனா ஜூலெய்க்கா மையத்தின் பொறுப்பாளர். நல்ல மனுஷிதான், எல்லாக் கையெழுத்தையும் தலைவலியோடே போடுகிறவள். உதவியாளப் பெண் தடுத்ததை லூசினெய்டி கேட்கவில்லை, நேரே உள்ளே போனாள்.

அவள் அதற்கு முன்னால் யாரிடமும் கத்தியதில்லை. துணி கொடுக்கும் முதலாளி அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பியபோதும் கத்தியதில்லை, புருஷன் பெட்டியைத் தூக்கியபோதும் கத்தியதில்லை. எங்கே தொடங்குவதென்றே தெரியாமல்தான் தொடங்கினாள். தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

"என் மகளை வெளிய தள்ளுறதுக்கு என் கையாலயே அங்கி தெக்க வெச்சீங்க. நான் கேக்குக்கு முட்டை அடிச்சேன், தெரியுமா? ஃபோட்டோ எல்லாம் ஃபோன்ல இருக்கு. தொப்பி போட்டுக்கிட்டு எவ்ளோ அழகா இருக்கா பாருங்க. இதை நான் ஊரெல்லாம் அனுப்புறேன். விழுங்கத் தெரியாத பிள்ளைக்குப் பட்டம் குடுத்து அனுப்பிட்டாங்கன்னு போட்டு அனுப்புறேன். கேமராக்காரங்க போயிட்டாங்கன்னு நெனச்சீங்களா? கூப்பிட்டா வருவாங்க."

வராந்தாவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டோனா ஜூலெய்க்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"உக்காரும்மா. மொதல்ல உக்காரு. காபி சாப்பிடறியா?"

அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் மானுவின் செவ்வாய்க்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. லூசினெய்டிக்கே நம்பமுடியவில்லை. இவ்வளவு லேசா? இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் தலையாட்டி, நல்லவள் என்று பேர் வாங்கியதெல்லாம் எதற்கு?

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள் டோனா ஜூலெய்க்கா. "நாளைக்கு எல்லா அம்மாவும் வந்து நின்னா நான் எங்க போவேன்?"

"அந்தக் கைக்குழந்தைக்கு?"

"அதுக்கும் எடம் பண்றேன். எங்கேருந்துன்னு கேக்காதே."

லூசினெய்டி கேட்கவில்லை. மானுவின் கழுத்தைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய் அவளை வேனில் பார்த்ததும் சொக்கோரோவுக்கு ஆச்சரியம்.

"பட்டம் வாங்கிட்டுத் திரும்பி வந்துட்டியே?"

"தப்பா எழுதிட்டாங்களாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்காம்."

"நல்லதாப் போச்சு. தனியா வரணுமேன்னு இருந்தேன்" என்று சொக்கோரோ புட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

தார்சியானாவின் விரல்கள் எப்போதும்போல் மானுவின் தொண்டையில் சரியான இடத்தில் சரியான அழுத்தத்தோடு இருந்தன. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பூசணிக்காயிலிருந்து மசித்த வாழைப்பழத்துக்குப் போனார்கள். "இன்னிக்கு இது போதும்" என்பாள். "சரிங்க டாக்டரம்மா" என்பாள் இவள். தார்சியானா ஒரு நாள், "நெய்டி, ஒரு தடவை என் மூஞ்சியைப் பாரேன்" என்றாள். லூசினெய்டி பார்க்கவில்லை. கொமாத்ரி உறவை அறுக்க ஒரு சடங்கு இருந்தால் அன்றே செய்திருப்பாள். அப்படி ஒன்று இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய். திரும்பும் வேனில் லூசினெய்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கடைசி" என்றாள் சொக்கோரோ.

"எது கடைசி?"

"ஈத்தலோவுக்கு. அந்தக் குறைமாசக் குழந்தைக்கு எடம் வேணுமாம். டாக்டரம்மா கதவைச் சாத்திட்டு உள்ளதைச் சொன்னாங்க. பட்டமளிப்பெல்லாம் இனிமே செய்யறதில்லைன்னாங்க. சொல்லும்போது அழுதாங்க, பாவமா இருந்துச்சு."

லூசினெய்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஈத்தலோ சொக்கோரோவின் மடியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் அந்த விரலைத் தானாக வாய்க்குக் கொண்டுபோகக் கற்றிருந்தான்.

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? சரின்னேன்."

"என்ன சரி? சும்மா விடாதே. நாளைக்கே போ. டோனா ஜூலெய்க்கா ரூமுக்கு நேரா உள்ள போய்க் கத்து. யாரு தடுத்தாலும் நிக்காதே."

"கத்தினா குடுத்துடுவாங்களா?"

"குடுப்பாங்க."

சொக்கோரோ அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்து சேர்ந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது லூசினெய்டிக்கு உறைத்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் யாரோ ஓட்டுநரைத் திட்டினார்கள், ஓட்டுநர் நகராட்சியைத் திட்டினார்.

"தப்பா எழுதிட்டாங்கன்னு சொன்னே" என்றாள் சொக்கோரோ. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அதான் நானும் நெனச்சேன், எழுதறதுல தப்பு வரும்தானேன்னு. கத்தினா நடக்கும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கத்தியிருப்பேன். எனக்குக் கத்த வராதுன்னு நெனச்சியா? எனக்கே தெரியாது, நான் செஞ்சு பாத்ததில்லையே."

"யாருன்னு எனக்குத் தெரியாது சொக்கோரோ. சத்தியமா, உன் பிள்ளைன்னு தெரியாது."

"யாரோ ஒரு பிள்ளைன்னு தெரியும்ல."

லூசினெய்டிக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொமாத்ரி தனக்குச் செய்ததை ஒரு வார்த்தை பிசகாமல் தானே இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாள். அதுவும் அவள் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே.

சோளக்கொல்லைக்குப் பிரியும் மண்பாதையில் வேன் நின்றது. சொக்கோரோ ஈத்தலோவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் உடனே போகாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சரி, நாளைக்குப் போறேன். கத்திப் பாக்கறேன்" என்றாள். "இப்ப நான் கத்தினா யாரோட எடத்தை எடுத்து எனக்குக் குடுப்பாங்க நெய்டி?"

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சொக்கோரோ இன்னும் கொஞ்சம் நின்றாள். நானும் உன்கூட வருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. லூசினெய்டி குனிந்து மானுவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்பட்டதும் வேன் கிளம்பியது.